பத்தொன்பது நிமிஷங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலே, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து வெண்மலைத் தொடரின் மேற்கு விளிம்பில், ஹேவரில் என்னும் சிற்றூரின் எல்லைக்குள், 112-ஆம் எண் சாலை ஒரு பழைய மரக் களஞ்சியத்தின் அருகே சட்டென்று வளைந்து திரும்புகிறது. பிப்ரவரி மாதத்தில் மாலை ஆறு மணிக்குள் அங்கே இருள் முற்றிலும் கவிந்துவிடும். சாலையிலிருந்து வழித்து ஒதுக்கிய பனி இரு மருங்கிலும் கரைகட்டி நிற்கும். வீடுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தென்படும். கைத்தொலைபேசிக்கு அலை எட்டாத இடம் அது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, திங்கட்கிழமை, இரவு 7.27 மணிக்கு, அந்த வளைவின் அருகே குடியிருந்த ஓர் அம்மையார், வெளியே ஏதோ மோதும் சப்தம் கேட்டு எட்டிப் பார்த்து, கருநிறக் கார் ஒன்று வந்த திசைக்கு எதிராகத் திரும்பிச் சாலையோரப் பனியில் நிற்பதைக் கண்டு, மாவட்டக் காவல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். 7.46 மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். கார் இருந்தது, கதவுகள் பூட்டியிருந்தன, முன்கண்ணாடி விரிசல் கண்டிருந்தது, மோதலின்போது விரியும் காற்றுப் பைகள் விரிந்து தொங்கின. அதை ஓட்டி வந்த இருபத்தொரு வயது யுவதியை மட்டும் காணவில்லை. இன்றுவரையில் காணவில்லை.

அந்த 19 நிமிஷங்களைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்துகொண்டு, அந்தச் சாலையை ஒருமுறையேனும் கண்டிராத ஆயிரக்கணக்கான மனிதர்கள் இணையத்தின் வழியே கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போலீஸாரும் அல்லர், வக்கீல்களும் அல்லர். பகலெல்லாம் தத்தம் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து, படங்களையும் தேசப்படங்களையும் தொலைபேசிக் குறிப்புகளையும் பரப்பி வைத்துக்கொண்டு துப்புத் துலக்க முற்படும் சாமானிய ஜனங்கள் அவர்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அவர்களைப் பற்றிப் பேசுமுன், அவர்கள் தேடுவதாகச் சொல்லும் பெண்ணைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஏனெனில் அவர்களுடைய கூட்டத்தில் பெரும்பாலும் மறந்துபோகிறவள் அவள்தான்.

மோரா மர்ரி என்பது அவள் பெயர். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஹேன்ஸன் என்ற ஊரிலே வளர்ந்தவள். ஓட்டப் பந்தயங்களில் தேர்ந்தவள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்தில் மூன்று பருவங்கள் பயின்ற பின் அதை விட்டு நீங்கி, ஆம்ஹர்ஸ்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்வி கற்றுக்கொண்டிருந்தவள். காணாமற் போன அன்று, குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்துவிட்டதென்றும் ஒரு வாரம் வர இயலாதென்றும் ஆசிரியர்களுக்கு எழுதினாள். அத்தகைய மரணம் எதுவும் நிகழவில்லை. வங்கி இயந்திரத்திலிருந்து 280 டாலர் எடுத்தாள். கொஞ்சம் மது வாங்கினாள். வெர்மாண்ட் மாகாணத்துக்கும் பெர்க்‌ஷயர் குன்றுகளுக்கும் வழி தேடியிருந்தாள். மலையடிவாரத்துப் பார்ட்லெட் என்ற ஊரில் வாடகை விடுதி ஒன்றைப் பற்றித் தொலைபேசியில் விசாரித்திருந்தாள். பிற்பகலின் பிற்பகுதியில் தனியாகப் புறப்பட்டாள். எங்கே போகிறேன் என்று எவரிடமும் சொல்லவில்லை.

இருபத்தொரு வயதிலே சில நாள் எல்லாவற்றையும் விட்டு விலகி எங்கேனும் போய் இருந்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றாத மனிதர் உண்டா? ஒரு பொய்ச் சாக்குச் சொல்லி விடுப்பு எடுக்காத மாணவர்தாம் எத்தனை பேர்? மலைப்பாதையில் அந்த வளைவு மட்டும் அவளைத் தடுக்காமல் இருந்திருந்தால், அடுத்த வாரம் அவள் திரும்பி வந்து வகுப்பிலே உட்கார்ந்திருப்பாள். அந்தப் பயணம் அவளும் மறந்துபோன சிறு விஷயமாய் முடிந்திருக்கும். விபத்து என்பது ஒரு மனிதரின் வாழ்க்கையில் எந்த ஏட்டில் வந்து விழுகிறதோ, அந்த ஏடு மட்டுமே திறந்தபடி நின்றுவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் இருந்த ஏடுகளை யாரும் புரட்டுவதில்லை.

விபத்துக்கும் போலீஸ் வருகைக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒருவர் அவளைக் கண்டார், பேசவும் செய்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ஒருவர், அருகிலிருந்த தம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டார். போலீஸைக் கூப்பிட வேண்டாம், வாகன உதவிச் சங்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன் என்றாள் அவள். அந்த இடத்தில் கைத்தொலைபேசி வேலை செய்யாதென்பதை அறிந்தவராகையால், அவர் வீட்டுக்குப் போய்த் தாமே அழைத்தார். இணைப்புகள் எல்லாம் வேலையாக இருந்தமையால், 7.43 மணியளவில்தான் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. மூன்று நிமிஷத்தில் போலீஸ் வந்தது. அதற்குள் அவள் இல்லை.

அன்றிரவு பெரிய தேடல் எதுவும் நடைபெறவில்லை. மறுநாள் நண்பகலுக்குப் பிறகுதான் அவளைப் பற்றிய அறிவிப்புப் பிற காவல் நிலையங்களுக்குப் போயிற்று. 11-ஆம் தேதி காலையில்தான் மோப்ப நாய் வந்தது. அவளுடைய கையுறையை முகர்ந்த அந்த நாய், கிழக்கு நோக்கிச் சாலை வழியே சுமார் 100 கெஜம் சென்று, அங்கே வாசனையை இழந்து நின்றது. வானிலிருந்து பார்த்தவர்களுக்கும், சாலையை விட்டு விலகிப் பனிக்குள் இறங்கிய காலடித் தடம் ஒன்றும் புலப்படவில்லை. யாரோ ஒருவருடைய வண்டியில் ஏறினாளா, ஓடத் தெரிந்த அந்தக் கால்களால் கெட்டியான சாலையின் மேலேயே நெடுந்தூரம் ஓடிப் பிறகு காட்டுக்குள் புகுந்தாளா? ஒன்றரை நாள் தாமதத்துக்குப் பின் வந்த நாயும் ஹெலிகாப்டரும் எதை நிச்சயமாகச் சொல்ல இயலும்? இவ்வளவுதான் தெரிந்த விஷயம். இதற்கு மேல் பேசப்பட்டதெல்லாம் ஊகம்.

ஹார்வர்டு மாணவர் ஒருவர் ஃபேஸ்புக்கைத் தொடங்கியது 2004 பிப்ரவரி 4-ஆம் தேதி. மோரா மறைந்தது அதற்குச் சரியாக ஐந்து நாள் கழித்து. முன்னெல்லாம் ஓர் ஊரில் ஒரு பெண் காணாமற் போனால், அவளைப் பற்றிய பேச்சு அந்த ஊர்க் கடைத்தெருவிலும் கோயில் வாசலிலும் சுற்றிச் சுற்றி வந்து, காலம் செல்லச் செல்லத் தானே தேய்ந்து மறையும். இந்த வழக்கிலோ பேச்சு தேயவில்லை; இணையத்தில் சேமித்து வைக்கப்பட்டது. ஒருவர் 2006-இல் எழுதிய சந்தேகத்தை இன்னொருவர் 2016-இல் எடுத்துப் படித்து அதன்மேல் மற்றொரு சந்தேகத்தை அடுக்கினார். அந்த வழக்குக்கென்றே 2015-இல் தொடர் ஒலிபரப்பு ஒன்று பிறந்தது. 2016-இல் புத்தகம் வந்தது. 2017-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தொடர் ஒளிபரப்பியது. நானும் அந்தப் பேச்சுக்களில் பல இரவுகளைச் செலவிட்டவன். நள்ளிரவு கடந்தும் படுக்கப் போக மனமின்றி, அடுத்த பக்கத்தில் விடை இருக்கும் என்ற நப்பாசையால் இழுக்கப்பட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஆகையால் அவர்களை ஒரேயடியாக இகழ என்னால் ஆகாது. அவர்களிற் பலர் நல்லெண்ணம் உடையவர்கள். யாரோ ஒரு பெண் இருளில் தனியாக நிற்கிறாள் என்ற எண்ணம் அவர்களைத் தூங்கவிடவில்லை. அந்த இரக்கம் மெய்யானது. பிழை அதற்கு அப்பால் தொடங்குகிறது.

மணிமேகலைக் காப்பியத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: துறவு பூண்ட அந்தப் பெண்ணுக்கு அறவண அடிகள் முதலிலே கற்பித்தது தருக்கம். காட்சியால் அறிவது ஒன்று, கருத்தளவால் அறிவது மற்றொன்று என்று அளவைகளை இரண்டாக வகுத்து, மலைமேல் புகை கண்டு, அடுக்களையை எடுத்துக்காட்டாக வைத்து, அங்கே நெருப்பு உண்டென்று துணியும் முறையை அவர் விளக்குகிறார். அதோடு நிற்காமல், ஏது என்னும் காரணம் போலத் தோன்றி ஏது ஆகாதவற்றை எல்லாம் வகைவகையாகப் பிரித்துப் பெயரிட்டுக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று, ஆவியோ பனியோ என்று ஐயம் தீராத ஒன்றைப் புகையென்றே வைத்துக்கொண்டு நெருப்பைச் சாதிப்பது. மற்றொன்று அநைகாந்திகம், துணிந்த பொருளுக்கும் அதற்கு மாறான பொருளுக்கும் ஒருங்கே பொருந்தக்கூடிய ஏது. இந்த இரண்டு போலிகளையும் கையில் வைத்துக்கொண்டு 112-ஆம் எண் சாலைக்குத் திரும்பிப் பார்த்தால், இருபது ஆண்டுப் பேச்சின் பெரும்பகுதி அவற்றுள்ளே அடங்கிவிடக் காண்கிறேன்.

முதல் தகவல் கொடுத்த அம்மையாரின் அழைப்பைப் பதிந்த குறிப்பிலே, காருக்குள் ஒரு மனிதர் சிகரெட் புகைத்துக்கொண்டிருப்பதாக ஒரு வாசகம் இருக்கிறது. பின்னர் விசாரித்தபோது, தாம் மனிதரையும் பார்க்கவில்லை, சிகரெட்டையும் பார்க்கவில்லை, காருக்குள் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியைத்தான் கண்டதாகவும், அது கைத்தொலைபேசியின் விளக்காக இருக்கலாம் என்றும் அவர் சொன்னார். ஆனால் அந்த முதல் வாசகம் பிழைத்துக்கொண்டது. இருளில் இரவு ஏழரை மணிக்கு ஜன்னல் வழியே தெரிந்த ஒரு செம்புள்ளியிலிருந்து ஓர் ஆண்மகன் பிறந்தான். அவனுக்கு வயதும் உறவும் நோக்கமும் கற்பிக்கப்பட்டன. அவன் அவளோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்தவன் என்றார்கள் சிலர். வேறு காரில் பின்தொடர்ந்து வந்தவன் என்றார்கள் வேறு சிலர். பனியைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவது என்று அறவண அடிகள் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அநைகாந்திகத்துக்கும் குறைவில்லை. காரின் புகைபோக்கிக் குழாயில் ஒரு கந்தைத் துணி செருகியிருந்தது. தற்கொலைக்கு முயன்றதன் அடையாளம் என்றார் ஒருவர். எவரோ அவளை நடுவழியில் நிறுத்தச் செய்த சதி என்றார் மற்றொருவர். பழுதுபட்ட கார் புகை கக்கினால் துணியைச் செருகிக்கொள் என்று தாமே மகளுக்குச் சொல்லியிருந்ததாகத் தந்தை கூறினார். காருக்குள் ஒரு புத்தகம் இருந்தது. வெண்மலைகளிலே ஏறி உயிரிழந்தவர்களின் வரலாற்றைச் சொல்வது. சாகப் போகிறவள் எடுத்துச் செல்லும் புத்தகம் என்று படித்தார்கள். சிறுவயது முதல் குடும்பத்தோடு அந்த மலைகளில் நடந்து பழகிய பெண், அந்த மலைகளுக்கே போகும் வழியில், அந்த மலைகளைப் பற்றிய புத்தகத்தை வைத்திருந்தாள் என்பது அவர்களுக்குப் போதவில்லை. வாழ விரும்புகிறவளிடமும் சாக விரும்புகிறவளிடமும் ஒருபோலவே இருக்கக்கூடிய ஒரு பொருள் எதைத்தான் நிரூபிக்கும்?

பொருள்களோடு நின்றிருந்தால் கேடு குறைவு. துப்பறிய முற்பட்டவர்கள் பொருள்களிலிருந்து மனிதர்களுக்கு வந்தார்கள். இருளில் வண்டியை நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்ட அந்தப் பேருந்து ஓட்டுநர், கடைசியாக அவளைக் கண்டவர் என்ற ஒரே காரணத்தால் ஆண்டுக்கணக்கில் சந்தேகத்துக்கு இலக்கானார். அன்றிரவு நிறுத்தாமல் கடந்துபோனவர் எவரேனும் இருந்திருந்தால், அவர்மீது எந்தப் பழியும் இல்லை; நின்றவர்மீது எல்லாப் பழியும். இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது. அடுத்தமுறை ஓர் இருட்டுச் சாலையில் கார் ஒன்று கவிழ்ந்து கிடக்கையில், இந்தக் கதையைக் கேட்டறிந்த ஒருவர் நிற்பாரா, வேகத்தைக் கூட்டிக் கடந்துபோவாரா?

பிறகு அவளுக்கே வந்தார்கள். அவளுடைய கல்லூரி நாட்களின் தவறுகள், காதல், கண்ணீர், மது, குடும்பத்தின் உள்விவகாரங்கள் யாவும் வெளியே இழுத்துப் போடப்பட்டன. அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றால் அவள் எந்தப் பக்கம் நடந்தாள் என்பது தெரியப்போவதும் இல்லை. தந்தைமீதும் சந்தேகம் எழுப்பியவர்கள் உண்டு. வார இறுதிகளில் மாகாணம் விட்டு மாகாணம் வந்து, பனியிலும் முட்புதரிலும் தாமே இறங்கித் தேடிய மனிதர் அவர். மகள் மறைந்த எட்டாவது ஆண்டு நிறைவு நாளில், 2012 பிப்ரவரியில், முகமறியாத ஒரு முதியவர் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, முடிவில் ஆண்டு நிறைவு வாழ்த்துக் கூறும் காணொளி ஒன்று யூடியூபிலே ஏற்றப்பட்டது. அந்தச் சிரிப்பின் ஒவ்வொரு நொடியையும் ஆராய்ந்து எழுதித் தள்ளினார்கள். அதனால் மோராவைப் பற்றித் தெரியவந்தது ஒன்றுமில்லை. அந்த வீட்டார் அதைப் பார்க்க நேர்ந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இத்தகைய பேச்சு வளர்ந்ததற்கு அதிகாரிகளின் மௌனமும் ஒரு காரணம் என்பதை மறைப்பது நியாயமாகாது. வழக்கின் ஆவணங்களைக் காட்டும்படி கேட்டுத் தந்தை நீதிமன்றம் ஏறினார். 2006-இல் அந்த வழக்கு மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. விசாரணை நடந்துகொண்டிருக்கையில் காகிதங்களை வெளியிட்டால் குற்றவாளி எச்சரிக்கையாகிவிடுவான் என்ற அரசுத் தரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. மகளைத் தேடும் தந்தைக்கு அதே வாதம் ஒரு சுவராகத் தோன்றியதிலும் வியப்பில்லை. அந்தச் சுவருக்கு வெளியே காலியாகக் கிடந்த நிலத்தில்தான் கூட்டம் வந்து கூடாரம் அடித்தது.

ஊகம் எவ்வளவு விரைவாகக் கொலைக் கருவியாக மாறும் என்பதை 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் காட்டிற்று. பாஸ்டன் மாரத்தான் பந்தயத்தின் முடிவெல்லையில் 15-ஆம் தேதி குண்டுகள் வெடித்தன. 18-ஆம் தேதி மத்தியப் புலனாய்வுத் துறை, சந்தேகத்துக்குரிய இருவரின் மங்கலான படங்களை வெளியிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே, அருகிலுள்ள பிராவிடென்ஸ் நகரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் காணாமற் போயிருந்தார், இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர், மனச்சோர்வால் துன்புற்றவர். அவரைத் தேடி அவர் குடும்பத்தார் ஃபேஸ்புக்கில் பக்கம் ஒன்று திறந்து, திரும்பி வா என்று உருக்கமாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். ரெடிட் என்னும் இணையத் தளத்தில் கூடிய துப்பறிவாளர்கள் அந்தப் படத்தையும் இந்தப் படத்தையும் அருகருகே வைத்து, மூக்கு ஒத்திருக்கிறது, தாடை ஒத்திருக்கிறது என்று கூறி, அந்த இளைஞரே குண்டு வைத்தவர் என்று தீர்மானித்துவிட்டார்கள். ஒரே இரவில், மகனைத் தேடுவதற்காகத் திறந்த பக்கத்தில் வசை மழை பொழிந்தது. குடும்பத்தார் அதை மூடவேண்டியதாயிற்று. உண்மைக் குற்றவாளிகள் வேறு இருவர் என்பது விடிவதற்குள் தெரிந்தது. ரெடிட் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஏப்ரல் 23-ஆம் தேதி அந்த மாணவரின் சடலம் பிராவிடென்ஸ் நதியில் கண்டெடுக்கப்பட்டது. பல நாட்களுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

இதற்குப் பிறகும் படிப்பினை வரவில்லை. 2022 நவம்பரில் ஐடஹோ மாகாணத்தில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டபோது, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த ஒரு பெண், சீட்டுக் குறி பார்த்து, அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஒருவரைக் கொலைகாரி என்று டிக்டாக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். அது அவதூறே என்று 2024-இல் நீதிமன்றம் தீர்மானித்தது.

அப்படியானால் தொழில்முறை சாராதவர்கள் இத்தகைய விஷயங்களில் கை வைக்கவே கூடாதா? அவ்வாறு நான் சொல்லமாட்டேன். சொல்வதற்கு உண்மை இடங்கொடுக்கவில்லை. 1968-இல் கென்டக்கி மாகாணத்தில் கூடாரத் துணியில் சுற்றிக் கிடைத்த அநாமதேயப் பெண்ணுக்கு, முப்பது ஆண்டு கழித்து, 1998-இல் பெயரைத் திருப்பிக் கொடுத்தவர் டென்னஸி மாகாணத்துத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர். அந்த உடலைக் கண்டெடுத்தவரின் மருமகன் அவர். இரவு வேலை முடித்து வந்து, காணாமற் போனவர்களைப் பற்றி உறவினர் எழுதிய குறிப்புக்களை ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். யார்மீதும் பழி சுமத்தவில்லை. அந்தப் பெண்ணின் சகோதரியைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினார். மற்றதை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்.

காரோடு மறைந்த இளைஞர்களின் விஷயத்தில் இன்னும் நேரான உதாரணங்கள் இருக்கின்றன. டென்னஸியில் ஸ்பார்ட்டா என்ற ஊரில், 2000 ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியும் பதினேழு வயதுப் பையன் ஒருவனும் அவளுடைய காரில் புறப்பட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. இருபத்தொரு ஆண்டுகள் அந்த இரு குடும்பங்களும் ஊகங்களுக்கு நடுவே வாழ்ந்தன. 2021-இன் இறுதியில், நீருக்கடியில் தொலைந்த பொருள்களைத் தேடி எடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட நீர்மூழ்கி ஒருவர், ஒலியலைக் கருவி பொருத்திய சிறு படகோடு அங்கே வந்தார். உள்ளூர்க் காவல் தலைவர் பழைய கோப்பைப் புரட்டி, எந்தச் சாலையோர நீரில் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். கால்ஃபில்லர் என்ற சிற்றாற்றின் அடியில் கார் கிடைத்தது. வாகன எண் ஒத்திருந்தது. கொலையும் இல்லை, சதியும் இல்லை. ஒரு சாலை, ஒரு கரை, ஓர் ஆறு. கலிஃபோர்னியாவில் டிரக்கி நகரத்தின் அருகே 2022 ஆகஸ்டில் பதினாறு வயதுப் பெண் காரோடு மறைந்தபோதும், கடத்தல் என்ற பேச்சு நாடெங்கும் பரவியிருக்கையில், இரண்டு வாரம் கழித்துத் தொண்டர்களான நீர்மூழ்கிகளே அருகிலிருந்த நீர்த்தேக்கத்தில், கரைக்கு வெகு சமீபத்தில், காரைக் கண்டார்கள்.

இவர்களையும் மற்றவர்களையும் எது பிரிக்கிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். படிப்போ திறமையோ அன்று. ஆற்றில் இறங்குகிறவர் இறங்கும்போதே, அங்கே ஒன்றும் இல்லாமற் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டு இறங்குகிறார். பத்து நீர்நிலைகளில் தேடி ஒன்பதில் வெறுங்கையோடு கரையேறுகிறார். அந்த ஒன்பதும் அவருக்குத் தோல்வியாகத் தோன்றுவதில்லை, தேடப்படுகிறவர் அங்கே இல்லை என்ற அறிவாகவே தோன்றுகிறது. விளக்கடியில் உட்கார்ந்து கதை கட்டுகிறவருக்கோ வெறுங்கை என்பதே கிடையாது. ஒரு சந்தேகம் பொய்த்தால் அடுத்த மனிதர்மேல் சந்தேகம் தாவுகிறது. முன்னவருக்கு ஓர் இடம் வேண்டும். பின்னவருக்கு ஓர் ஆள் வேண்டும்.

மின்னசோட்டா மாகாணத்தில் நிகழ்ந்த ஒன்றை நான் சற்று விரித்தே சொல்லியாக வேண்டும். 2008 மே 14-ஆம் தேதி அதிகாலை, கேன்பி என்ற ஊரிலே கல்லூரி ஆண்டின் முடிவை நண்பர்களோடு கொண்டாடிவிட்டு, மார்ஷல் என்ற தம் ஊருக்குத் திரும்பிய பத்தொன்பது வயது மாணவர் ஒருவரின் கார், வயல்வெளிச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. அடி எதுவும் படவில்லை. அவர் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்தார். லிண்ட் என்ற ஊருக்கு அருகே இருப்பதாகத் தாம் நினைத்த இடத்தைச் சொன்னார். பெற்றோர் புறப்பட்டு அங்கே போய்த் தங்கள் கார் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிக் காட்டினார்கள். அவரும் தம் கார் விளக்கை ஏற்றிக் காட்டினார். எவருக்கும் எவருடைய ஒளியும் தெரியவில்லை. தொலைவில் தெரிந்த விளக்குகளை லிண்ட் ஊரின் விளக்குகள் என்று நம்பி, வயல்களின் வழியே நடக்கத் தொடங்கினார். தந்தையோடு பேசிக்கொண்டே நடந்தார். 47 நிமிஷம் பேச்சு நீடித்தது. இரண்டரை மணிக்குப் பிறகு, திடீரென்று ஓர் அதிர்ச்சிச் சொல்லோடு பேச்சு அறுந்தது. அவரை மீண்டும் எவரும் காணவில்லை.

காலையில் பெற்றோர் போலீஸிடம் போனபோது, அந்த வயதுப் பையன்கள் இரவு வீடு திரும்பாமல் இருப்பது புதிதல்ல என்ற பதில் கிடைத்தது. பின்னர்த் தொலைபேசிக் கோபுரத்தின் பதிவைக் கொண்டு பார்த்தபோது, அவர் நினைத்த இடத்துக்குச் சுமார் 25 மைல் அப்பால் கார் கிடைத்தது. பெற்றோர் தேடிய இருட்டு ஒன்று, மகன் நடந்த இருட்டு வேறு.

இந்த வழக்கிலும் ஊகக்காரர்கள் உண்டு. அந்த அறுந்துபோன கடைசிச் சொல்லை ஆயிரம் விதமாக வியாக்கியானம் செய்கிறார்கள். பெற்றோர் செய்தது வேறு. காணாமற் போனவர் வயது வந்தவர் என்ற காரணத்தால் போலீஸார் புகாரை ஏற்கத் தயங்குவதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்; சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். ஆபத்தான நிலையில் காணாமற் போனவர் எந்த வயதினராயினும், காவல் நிலையம் தாமதமின்றிப் புகாரை ஏற்றுத் தேடலைத் தொடங்க வேண்டும் என்ற திருத்தம் நிறைவேறி, 2009 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அவர்களுடைய மகனின் பெயரால் அதைப் பிராண்டன் சட்டம் என்று அழைக்கிறார்கள். இன்று அந்த மாகாணத்தில் ஒரு தாய் விடியற்காலையில் காவல் நிலையத்துக்குப் போனால், உன் பிள்ளைக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்ப முடியாது. 112-ஆம் எண் சாலையில் இழந்த அந்த ஒன்றரை நாளை நினைக்கிறபோது, இதன் அருமை எனக்குப் புலப்படுகிறது.

ஹேவரில் வளைவுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு வீட்டின் நிலவறையில் மகள் புதைந்திருக்கலாம் என்று மோராவின் தந்தை நெடுங்காலம் சந்தேகித்து வந்தார். வீடு கைமாறி, புதிய சொந்தக்காரர் அனுமதி தந்த பிறகு, 2019 ஏப்ரலில் அதிகாரிகள் தளத்தை வெட்டித் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. 2021 செப்டம்பரில், கிழக்கே லிங்கன் ஊரருகே லூன் மலைச்சரிவில் கட்டட வேலை நடந்த இடத்தில் மனித எலும்புத் துண்டுகள் கிடைத்தன. அவளுடையவைதாம் என்று பலர் அன்றே தீர்மானித்து எழுதிவிட்டார்கள்; அழுதவர்கள் உண்டு; வழக்கு முடிந்தது என்றவர்கள் உண்டு. குடும்பத்தார் பேசாமல் நவம்பர் வரை காத்திருந்தார்கள். கதிரியக்கக் கரிமச் சோதனையின் முடிவு வந்தது: அந்த எலும்புக்கு உரியவர் 1774-க்கும் 1942-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவர். வேறு யாரோ ஒருவர், எவரும் தேடாமல், அந்தச் சரிவில் அத்தனை காலம் கிடந்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலையில், லாண்டாஃப், ஈஸ்டன் என்ற ஊர்களின் காட்டுப் பகுதியில் மீண்டும் தேடல் நடந்தது. புதிய துப்பு ஏதேனும் கிடைத்ததா என்ற கேள்விக்கு அதிகாரிகள், இல்லை என்றார்கள். முன்பு ஓரளவே பார்த்த இடங்களை இப்போது முழுமையாகப் பார்க்கிறோம் என்றார்கள். பனியெல்லாம் உருகிப் பச்சை பிடித்த காட்டிலே, பதினெட்டு ஆண்டுக்கு முன்பு தேடிய நிலத்தின்மேல், அவர்கள் மறுபடியும் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.